கடுதாசி போடச் சொன்னார் அப்பா

கம்பைநல்லூர்
12-11-1967

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கை மிக்கேலம்மாளுக்கு அக்காள் ராஜமேரி எழுதிக்கொண்டது. இங்கே அப்பா, உன் மாமா, நான் மூவரும் சர்வேசுரன் கிருபையில் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது.

மடத்தில் நீ கன்னியர் உடுப்பு வாங்கின அன்று எடுத்த போட்டோ வந்து சேர்ந்தது. அப்பா அதைத் தர்மபுரிக்கே கொண்டுபோய் சட்டம் போட்டு வந்தார். மாதா படத்துக்குக் கீழே, அம்மா படத்துக்கு மேலே ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். செத்துப்போன அம்மாவுக்கு மேலே உயிரோடு இருக்கிற பெண்ணை மாட்டலாமா என்று கேட்டேன். "அவ இனிமே நம்ம பொண்ணு இல்ல, சாமியோட பொண்ணு" என்றார். அடுப்புப் புகை பட்டு அந்தக் கண்ணாடி மங்கிவிடுகிறது. தினமும் உன் மூஞ்சியைத் துடைப்பது என் வேலை.

உனக்கு அமலோற்பவம் என்று புதுப்பேர் வைத்திருக்கிறார்களாமே. அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். எனக்கு நீ மிக்கேலுதான்.

கல்லறைத் திருநாளுக்கு அம்மா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினோம். அங்கேயும் உன் பேச்சுதான். "அருள்சாமி வூட்டுல ஒரு பொண்ணு மடத்துல இருக்கறா, அந்த வூட்டுக்கே மோட்சம்" என்றார்கள். "இன்னொரு பொண்ணு வூட்டோட இருந்து களி கிண்டறாளே, அவளுக்கு என்னாங்க கிடைக்கும்?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

அம்மா விஷக்காய்ச்சலில் கிடந்தபோது, இவள் பிழைத்தால் மூத்தவளைக் கன்னியர் மடத்துக்குக் கொடுக்கிறேன் என்று அப்பா நேர்ச்சை வைத்தார். அம்மா அந்தத் தடவை பிழைத்துக்கொண்டாள். மூத்தவள் நான். போ என்றார், தயாரானேன். மடத்தார் அழைத்துப்போக வந்த அன்றைக்குப் பார்த்து எனக்கு அம்மை போட்டிருந்தது. அம்மை கண்டவளைக் கூட்டிப்போக முடியாது என்றார்கள். குறித்த நாள் தவறக்கூடாது என்று அப்பா உன் கையைப் பிடித்து பஸ் ஏற்றிவிட்டார். நான் உள்ளறையில் படுத்துக்கொண்டு பஸ் கிளம்புகிற சத்தத்தைக் கேட்டேன். எனக்கென்று வாங்கின தகரப் பெட்டி, வெள்ளைச் சேலை, ஜெபமாலை எல்லாம் உன்னோடு போயின. அப்புறம் சவுரியப்பனைக் கட்டிக்கொள் என்றார், கட்டிக்கொண்டேன். எதற்கும் நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. இது உனக்கும் தெரியும்.

பெட்டி துருப்பிடிக்காமல் இருக்கிறதா?

உன் ஜெபத்தில் எங்களையும் நினைத்துக்கொள்.

அக்காள்,
ராஜமேரி

*

கன்னியர் மடம், சேலம்
28-11-1967

சேசுவுக்கே மகிமை.

மரியாதைக்குரிய அக்காள் அவர்களுக்கு, சகோதரி அமலோற்பவம் தோத்திரம் சொல்லி எழுதுவது. சர்வேசுரன் அருளால் நான் நலம். அப்பாவும் மாமாவும் நீங்களும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் கடிதத்தை மதர் அவர்கள் வாசித்துவிட்டு என்னிடம் கொடுத்தார்கள். இங்கே வருகிற கடிதமும் போகிற கடிதமும் மதர் வாசித்த பிறகுதான். நவசன்னியாசம் என்கிற பயிற்சிக் காலத்தில் இருக்கும் எங்களுக்குக் கீழ்ப்படிதலைத்தான் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மணி அடித்தால் அது சர்வேசுரன் கூப்பிடுகிற குரல். கையில் இருப்பது எதுவானாலும் அப்படியே விட்டுவிட்டு எழ வேண்டும். முந்தாநாள், பெருக்கி முடித்த முற்றத்தையே மறுபடி பெருக்கச் சொன்னார்கள். ஏன் என்று கேட்காமல் பெருக்கினேன். தன் இஷ்டத்தை விட்டவர்களுக்கு மோட்ச பாதை நேராக இருக்கும் என்று மதர் சொன்னார்கள்.

அடுத்த கோடையில் துறவறத்துக்கான முதல் வார்த்தைப்பாடு கொடுக்க இருக்கிறேன். அதற்காக ஜெபிக்கவும்.

பெட்டி விஷயமாகத் தங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று

(மணி அடித்துவிட்டது.)

சகோதரி அமலோற்பவம்

*

கம்பைநல்லூர்
20-12-1967

சேசு மரி சூசை துணை.

தங்கைக்கு அக்காள் எழுதுவது. நாங்கள் சுகம். பனிக்கு அப்பாவுக்கு லேசாக இளைப்பு வருகிறது, மற்றபடி ஒன்றுமில்லை.

இந்த மாதம் பிறந்ததும் உனக்கு ஒரு கடுதாசியும், நிலக்கடலை உருண்டை ஒரு டப்பாவும் அனுப்பினேன். கடலை நம் கொல்லையில் விளைந்தது. தோல் உரித்து, பாகு பதம் பார்த்து நானே பிடித்தது. கிடைத்தது, கிடைக்கவில்லை என்று ஒரு வரி இல்லை. அப்பா தினமும் தபால்காரரை வழிமறித்துக் கேட்கிறார். "சின்னவளுக்கு ஜெபம் அதிகமா இருக்கும்" என்று அவரே பதிலும் சொல்லிக்கொள்கிறார். நான் எழுதாமல் இருந்தால் அதற்குப் பேர் திமிர். நீ எழுதாவிட்டால் ஜெபம்.

பெருக்கின முற்றத்தை மறுபடி பெருக்கினாய் என்று எழுதியிருந்தாய். அப்பா அதை நம்ம உபதேசியாரிடம் வாசித்துக் காட்டினார். அவர் கண்ணில் தண்ணீர் விட்டார். நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து பெருக்கின இடத்தைத்தான் பெருக்குகிறேன். கோழி மறுபடி மண்ணைச் சீய்த்து வைக்கிறது. எனக்கு யார் போட்டோ எடுத்து மாட்டினார்கள்?

எப்போதிலிருந்து நான் உனக்கு "நீங்கள்" ஆனேன் என்றும் தெரியவில்லை. ஒரே பாயில் படுத்தவர்கள் நாம். இதை உங்கள் மதர் வாசிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

பெட்டியைப் பற்றி நீ சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை.

ராஜமேரி

*

கன்னியர் மடம், சேலம்
8-1-1968

சேசுவுக்கே மகிமை.

அன்பும் மரியாதையும் உள்ள அக்காள் அவர்களுக்குப் புத்தாண்டுத் தோத்திரம். நான் நலம். அப்பாவின் இளைப்புக்குத் தூதுவளை அரைத்துக் கொடுக்கிறீர்களா?

கோபிக்க வேண்டாம். சேசு பிறப்புக்கு முந்தின திருவருகைக் காலத்திலும், சேசு உயிர்த்த பாஸ்குவுக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்திலும் நாங்கள் யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை. வருகிற கடிதங்களும் மதர் அறையில் இருக்கும், திருநாள் அன்றுதான் எங்கள் கைக்கு வரும். தந்தி வந்தால் மட்டும் உடனே கொடுப்பார்கள், தேவைப்பட்டால் வீட்டுக்கும் அனுப்புவார்கள். இந்த வருஷம் விபூதிப் புதன் பிப்ரவரி கடைசியில் வருகிறது. அதிலிருந்து பாஸ்கு வரை என்னிடமிருந்து கடிதம் வராது. அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடலை உருண்டையைத் திருநாள் அன்று எல்லாருக்கும் பங்கு வைத்தார்கள். எனக்கு ஒன்று கிடைத்தது. மிகவும் நன்றாக இருந்தது.

சகோதரி அமலோற்பவம்

*

கம்பைநல்லூர்
18-2-1968

சேசு மரி சூசை துணை.

தங்கைக்கு அக்காள் எழுதிக்கொண்டது. தபசு காலம் ஆரம்பிக்கும் முன் கைக்குக் கிடைக்கட்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இளைப்பு கூடிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்காரவைத்தபடியே தூங்கவைக்கிறேன். தர்மபுரி டாக்டர் ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார். புளி உலுக்குகிற காலம் என்பதால் உன் மாமா காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறார். அப்பாவைத் தூக்குவது, துடைப்பது, துணி மாற்றுவது எல்லாம் நான் ஒருத்திதான். பக்கத்து வீட்டு முனியம்மாள் கை கொடுக்கிறாள்.

இவ்வளவு செய்கிறேனே, அப்பா வாயில் யார் பேர் வருகிறது தெரியுமா? கஞ்சி ஊட்டினால் "மிக்கேலு இப்ப என்னா சாப்பிடறாளோ" என்கிறார். ஜெபமாலை சொல்லும்போது உன் படத்தைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார். நேற்று முனியம்மாளிடம், "சின்னவ கஷ்டப்பட்டு எனக்கு மோட்சத்துல எடம் புடிச்சு வெச்சிருக்கறா" என்றார். நான் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். முனியம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

எனக்குப் பொறாமை என்று நீ நினைக்கலாம். ஆமாம், பொறாமைதான். உன் மதர் வாசித்தாலும் வாசிக்கட்டும்.

நாங்கள் மற்றபடி சுகம்.

ராஜமேரி

*

கம்பைநல்லூர்
9-3-1968

சேசு மரி சூசை துணை.

தங்கைக்கு அக்காள் எழுதுவது.

அப்பாவுக்கு உடம்பு மிகவும் சரியில்லை. சாமியார் வந்து அவஸ்தைப் பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். உன்னைப் பார்க்க வேண்டும் என்று அப்பா சொல்கிறார். உனக்குக் கடுதாசி போடச் சொன்னார். போடுகிறேன்.

ராஜமேரி

*

கம்பைநல்லூர்
2-4-1968

சேசு மரி சூசை துணை.

தங்கைக்கு அக்காள் எழுதிக்கொண்டது. தபசு முடியாமல் இது உன் கைக்கு வராது. அது வரட்டும் வரட்டும் என்று காத்திருந்தால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

அப்பா அடக்கத்துக்கு நீ வந்து சேர்ந்தபோது மண் தள்ளி முடித்திருந்தார்கள். வெயில் காலம், உடம்பு தாங்காது என்று எல்லாரும் அவசரப்படுத்தினார்கள். விடியற்காலையில் உயிர் போனதும் உன் மாமா ஓடிப்போய் தந்தி கொடுத்தார். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து கிடந்ததால் உங்கள் பஸ் நின்றுவிட்டது என்று உன்னோடு வந்த பெரிய சிஸ்டர் சொன்னார். ஈர மண்ணில் கை வைத்தாய். மோர் கொடுத்தேன், வாங்கிக் கீழே வைத்துவிட்டாய். சாயங்கால பஸ்ஸுக்கே போய்விட்டாய். என் முகத்தை நீ ஒருதரம்கூடப் பார்க்கவில்லை.

ஊரில் கேட்கிறார்கள். சின்னவளுக்கு முன்னாடியே சொல்லலையா என்று. சொன்னேன். அப்பா கடுதாசி போடச் சொன்னார், அன்றைக்கே போட்டேன். தபாலாபீஸ் கிருஷ்ணப்பன் கையிலேயே கொடுத்தேன், அவர் முத்திரை குத்துகிறதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். உன் மாமா, "ஒரு தந்தி குடுத்துட்டு வந்துடட்டுமா, புள்ள?" என்று கேட்டது நிஜம். "அப்பா கடுதாசின்னுதான் சொன்னாரு, போட்டாச்சு" என்றேன். அவர் புளி மூட்டை கட்டப் போய்விட்டார்.

அதற்கப்புறம் தினமும் அப்பா, "பஸ்ஸு வந்துச்சா?" என்று கேட்பார். வந்துச்சுப்பா என்பேன். "யாரு எறங்குனா?" என்பார். யாரும் இல்லப்பா என்பேன். "கடுதாசி போட்டியா?" என்பார். "போட்டேம்ப்பா" என்பேன். நான் அவரிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

ராஜமேரி

*

கன்னியர் மடம், சேலம்
16-6-1968

சேசுவுக்கே மகிமை.

அக்கா,

பாஸ்கு போய் இரண்டு மாதம் ஆகிறது. எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

நீ ஏன் தந்தி கொடுக்காமல் கடிதம் போட்டாய் என்று எனக்குத் தெரியும். தபசு காலத்தில் கடிதம் கைக்கு வராது, தந்தி வந்தால்தான் அனுப்புவார்கள் என்று உனக்கு எழுதினதே நான்தான். அப்பாவை நான் பார்க்கக்கூடாது என்று நினைத்தாய். கடைசி நாட்களாவது அவர் உனக்கு மட்டும் அப்பாவாக இருக்கட்டும் என்று நினைத்தாய். கல்லறையில் நிற்கும்போது இது எனக்குத் தெரியும். அதனால்தான் உன் முகத்தைப் பார்க்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய்.

அதற்காக இல்லை, அக்கா. உன் கடிதம் வந்த அன்றே மதர் என்னைக் கூப்பிட்டார். கடிதங்களைத் தபசு முடியும்வரை வைத்திருப்பார்களே தவிர, வந்த அன்றைக்கே படித்துவிடுவார்கள். அதை நான் உனக்கு எழுதவில்லை. எனக்கே அப்போதுதான் தெரியும். நீ எழுதின நாலு வரியையும் வாசித்துக் காட்டினார். "உன் அப்பாவுக்குக் கடைசிக் காலம் போலிருக்கிறது. நீ என்ன செய்ய விரும்புகிறாய்?" என்று கேட்டார்.

"மதர் சொல்கிறபடி செய்கிறேன்" என்றேன்.

"நான் சொல்லப்போவதில்லை. போக வேண்டும் என்று நீ கேட்டால் இன்றைக்கே அனுப்புகிறேன்" என்றார்.

நான் மறுபடியும், "தங்கள் சித்தம், மதர்" என்றேன். கைகட்டி, தலை குனிந்து, புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரியே நின்றேன். வார்த்தைப்பாட்டுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. அப்பா மேல் இருக்கிற பாசத்தையும் விட்டுவிட்டாள், எவ்வளவு பெரிய கீழ்ப்படிதல் என்று மதர் நினைப்பார், மற்ற சிஸ்டர்கள் பேசுவார்கள் என்று எனக்குள் ஒன்று சந்தோஷப்பட்டது. மதர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, "சரி, போய் வேலையைப் பார்" என்றார். நான் போய்ப் பாத்திரம் கழுவினேன். சாகக் கிடக்கிற அப்பாவைப் பார்க்க ஒரு வார்த்தை கேட்காமல் பாத்திரம் கழுவினேன், அக்கா.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். நான்தான் உன்மேல் பொறாமைப்பட்டவள். பெட்டியைப் பற்றிச் சொல்ல வந்ததும் இதுதான். அந்தப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஆணியால் உன் பேரைக் கீறியிருக்கிறார் அப்பா. தினமும் திறக்கும்போது ராஜமேரி என்று படிக்கிறேன். பஸ் ஏறினதும் ஜன்னல் வழியாக அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நீ படுத்திருந்த அறையின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொடுக்க மனசு வந்தவளைக் கொடுத்துவிட்டு, கொடுக்க மனசு வராதவளை வைத்துக்கொண்டார் என்றே இத்தனை வருஷமும் நினைத்தேன். அவர் என் அருமை பெருமை பேசினால் என்ன, அவர் சாப்பிட்டது உன் கைக் களிதானே.

மே மாதம் எல்லாரும் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். நான் கொடுக்கவில்லை. தகுதி இல்லை என்று மதரிடம் சொன்னேன். "நீ இதுவரை பயந்துதான் நடந்திருக்கிறாய், குழந்தை. கீழ்ப்படிய இனிமேல்தான் பழக வேண்டும். இன்னொரு வருஷம் இரு" என்றார். அவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுத்தான் தபாலில் போடுகிறேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

மிக்கேலம்மாள்

*

கம்பைநல்லூர்
1-7-1968

தங்கைக்கு ராஜமேரி எழுதுவது.

சுகம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

அப்போ கடுதாசி உன்னிடம் வந்து சேர்ந்தது. நான் எதை நினைத்து அதைப் போட்டேனோ அது நடக்கவில்லை. அப்படியும் நீ வரவில்லை. பஸ்ஸு வந்துச்சா, பஸ்ஸு வந்துச்சா என்று ஒருத்தர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். நீ தலை குனிந்து நின்றாயாம். உனக்கு நல்ல பேர் வேண்டியிருந்ததாம். அந்தப் பேரை எடுத்து எந்தச் சட்டத்தில் போட்டு மாட்டப் போகிறாய்?

நான் கெட்டவள், பொறாமை பிடித்தவள். ஒத்துக்கொள்கிறேன். என்னைத் தெரிந்துதானே நான் இருக்கிறேன். உன்னை நான் நல்லவள் என்று நினைத்தல்லவா வயிறெரிந்தேன்?

உன் போட்டோவைக் கழற்றி மரப்பெட்டியில் வைத்துவிட்டேன். இனி எனக்கு எழுதாதே.

ராஜமேரி

*

கம்பைநல்லூர்
5-11-1968

சேசு மரி சூசை துணை.

மிக்கேலு, எப்படி இருக்கிறாய்? இங்கே நானும் உன் மாமாவும் இருக்கிறோம். மழை நன்றாகப் பெய்தது. கடலை பிடுங்கிவிட்டோம்.

எழுதாதே என்றேன், நீயும் எழுதவில்லை. இதிலாவது என் சொல்லைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

கல்லறைத் திருநாளுக்கு அப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தோம். முனியம்மாளும் துணைக்கு வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அப்பா கடுதாசி போடச் சொன்னாரு, போட்டேன். இதுல எங்கடி தப்பு?" என்று கேட்டேன். அவள் சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைத்தாள். "எங்க சாமிக்கு ஒரு சேவல் அறுத்தா முடிஞ்சுபோவும். உங்க சாமி மனசுக்குள்ள வந்து எட்டிப் பாக்குதுன்னு நீதானக்கா சொல்லுவ. அதுகிட்டவே போய்க் கேளு" என்றாள்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "அப்பன் சொல்லை மீறினாயா?" என்று சாமியார் கேட்டார். "இல்லீங்க சாமி. மீறாமலே கெடுத்தேன்" என்றேன். அபராதமாக ஜெபம் எதுவும் சொல்லவில்லை. "உன் தங்கச்சிகிட்ட இன்னும் சொல்லாம வெச்சிருக்கறது ஏதாவது இருந்தா, அதைச் சொல்லிடும்மா" என்றார். இருக்கிறது, மிக்கேலு.

அப்பா போவதற்கு முந்தின சாயங்காலம் அவருக்குக் கண் மங்கிவிட்டது. நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்து, "மிக்கேலு, வந்துட்டியா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராவும் பகலும் அள்ளிக் கொட்டுகிற கையைப் பிடித்துக்கொண்டு உன் பேரைச் சொல்கிறாரே என்று. நான் ராஜமேரிப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். "வந்துட்டேம்ப்பா" என்றுதான் வந்தது.

"பஸ்ஸுல உக்கார எடம் கெடச்சுதா?" என்று கேட்டார். கெடச்சுதுப்பா என்றேன்.

"உங்கக்கா எங்க?"

"அடுப்பாண்ட இருக்கறாப்பா."

"அவ காதுல விழ வேணாம்" என்று குரலைத் தாழ்த்தினார். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசினார். "நேர்ச்சைன்னேன், சரின்னா. போக வேணாம்னேன், சரின்னா. கண்ணாலம்னேன், அதுக்கும் சரின்னா. உனக்கு என்னா வேணும்னு அவள நான் ஒருநாளும் கேட்டதில்ல. கேட்டா அழுதுருவாளோன்னு பயம். அவள அனுப்ப எனக்கு மனசும் இல்ல. அம்மை போட்டது சாமி குடுத்த சாக்குன்னு நெனச்சேன். உன்னைய சாமி பாத்துக்கும். அவள நீ பாத்துக்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

என்னைப் பற்றி அப்பா சொன்ன ஒரே நல்ல வார்த்தையை உன் பேரில் உட்கார்ந்துதான் நான் கேட்க வேண்டியிருந்தது. அன்றைக்கே உனக்கு இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், நீ வந்துவிட்டதாகவே நம்பிக் கண்ணை மூடினார் என்பது உனக்கு ஆறுதலாகிவிடும். அந்த ஆறுதல் உனக்குக் கிடைக்கக்கூடாது என்றுதான் மோரைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். தந்தி கொடுக்காததைவிட இதுதான் என்னை அறுக்கிறது.

உன் படத்தை மறுபடி மாட்டிவிட்டேன். அம்மா படத்துக்கு மேலே இல்லை, பக்கத்தில். இன்னொரு பக்கம் அப்பா.

ராஜமேரி

*

(தந்தி)
கம்பைநல்லூர்
17-3-1969

அப்பா வருஷப் பூசை வெள்ளிக்கிழமை. இங்கே எல்லாரும் சுகம். நீ வர வேண்டும் என்று எனக்கு ஆசை. ராஜமேரி.

*

சேலம்
20-3-1969

சேசுவுக்குத் தோத்திரம்.

அக்கா,

இந்தத் தபசில் தந்தி என்றதும் வாசல் காக்கிற சிஸ்டர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டே ஓடினார். மதர் பிரித்துப் படித்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். "எல்லாரும் சுகம் என்று உங்கள் ஊரில்தான் தந்தி அடிப்பார்கள் போலிருக்கிறது" என்றார். அப்புறம் தந்தியை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார். போன தபசில் நான் நின்றேனே, அதே இடம்.

"மதர், நான் வீட்டுக்குப் போக வேண்டும். பூசை முடிந்து ஒரு ராத்திரி அக்காவோடு தங்கிவிட்டு வருகிறேன். அனுமதி கொடுங்கள்" என்று நானே கேட்டேன். வெளியே தங்குவது நவசன்னியாசிகளுக்கு வழக்கமில்லை. முடியாது என்று அவர் சொல்லியிருந்தாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் கேட்டுவிட்டுத்தான் கீழ்ப்படிந்திருப்பேன். மதர் என்னை உற்றுப் பார்த்தார். "இப்போதுதான் இந்த வீட்டில் எனக்கு ஒரு மகள் கிடைத்திருக்கிறாள்" என்றார். உடனே, "குடை எடுத்துக்கொண்டு போ, வெயில்" என்றும் சொன்னார்.

நவம்பரில் நீ எழுதினதைப் படித்த அன்று கோவிலில் உட்கார்ந்து அழுதேன். பதில் எழுதினேன், கிழித்தேன். "அவள நீ பாத்துக்க" என்று அப்பா எனக்குச் சொன்னதை நீ கேட்டு, பத்திரமாக வைத்திருந்து, என்னிடம் சேர்த்திருக்கிறாய். அந்தச் சொல்லை எப்படிச் செய்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை. கடிதத்தில் செய்ய முடியாது என்று மட்டும் தெரிந்தது.

மே மாதம் வார்த்தைப்பாடு கொடுக்கட்டுமா என்று மதரிடம் கேட்டிருக்கிறேன். பஸ் ஏற்றிவிட்டதால் வந்தவளாக இத்தனை வருஷம் இருந்தேன், உன் இடத்தில். இனி இருக்கப்போவது நானே கேட்டு வாங்கின இடத்தில். அதனால் உன் தகரப் பெட்டியைக் கொண்டுவருகிறேன். துருப்பிடிக்கவில்லை, தேங்காயெண்ணெய் தடவி வைத்திருந்தேன். என் துணிகளுக்கு மதர் வேறு பெட்டி கொடுத்துவிட்டார். மூடியைத் திறந்து அப்பாவின் எழுத்தை நீயே பார். கொஞ்சம் கோணலாக இருக்கும்.

தபசு காலத்தில் எழுதினதென்றாலும், இந்தக் கடிதத்தையும் வழக்கம்போல மதரிடம் நீட்டினேன். "உன் அக்காவுக்குத்தானே, ஒட்டிக்கொள்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தபாலில் போடவில்லை. என் கையாலேயே உன்னிடம் கொடுப்பேன். நீ முழுசாகப் படித்து முடிக்கிற வரைக்கும் நான் ஒன்றும் பேச மாட்டேன், எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். படித்ததும் நிமிர்ந்து பார். அப்புறம் அந்த மோரைக் கொடு, குடிக்கிறேன்.

மிக்கேலு